கொசுறாக வரும் மல்லித்தழை... எந்தத் தண்ணியில் வளர்ந்தது?

காய் வாங்கி முடித்ததும், "கொஞ்சம் மல்லித்தழை போடுங்க" என்று கேட்டு வாங்குவது நம் எல்லோருக்கும் பழக்கம். கொசுறுதானே என்று அதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கத்தரிக்காயை வேக வைக்கிறோம். கீரையைக் கடைகிறோம். மல்லித்தழையை மட்டும் பச்சையாகச் சட்னி அரைக்கிறோம். ரசத்தை இறக்கி வைத்துத் தூவுகிறோம். அது வளர்ந்த தண்ணீர் கெட்டதாக இருந்தால், கேடு நேராக நம் வயிற்றுக்குத்தானே வரும்?

மூலனூரில் என்னிடம் வரும் பனியன் கம்பெனித் தொழிலாளி அம்மணி ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. "தினமும் மல்லிச் சட்னிதானுங்க, கட்டைத் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்து அரைச்சிருவேனுங்க" என்றார். மலப் பரிசோதனை செய்து, கிருமிக்கு உரிய மருந்து கொடுத்ததும் குணமானது. தழைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகத்துக்கு இடம் உண்டு. மெக்சிகோவின் பியூப்லா மாநிலத்துக் கொத்துமல்லியால் வயிற்றுப்போக்கு பரவியது என்று, 2015-ல் அமெரிக்கா கோடை மாதங்களில் அதன் இறக்குமதியையே தடுத்தது!

கிருமி ஒரு பக்கம். நம் பக்கத்தில் சாயமும் உண்டு. நொய்யலில் 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. கடைக் கட்டைப் பார்த்து அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்ல முடியுமா? அதனால்தான் சொல்கிறேன்... வீட்டிலேயே வளருங்கள்.

ஏன் முளைக்கவில்லை?

"மூணு தடவை போட்டேனுங்க, ஒண்ணுமே வரலை" என்றார் அதே அம்மணி. உருண்டையாக அப்படியே மண்ணில் தூவியிருக்கிறார். முழு மல்லி ஒவ்வொன்றிலும் இரண்டு விதைகள் இருக்கின்றன. துணியில் பரப்பி, பூரிக்கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். பொடியாக்கிவிடக் கூடாது. பிறகு இரவு முழுக்க ஊற வையுங்கள். மளிகைக் கடை மல்லி புதியதாக இருந்தால் போதும். மருந்து தடவிய விதையைச் சமையலுக்குத் தொடவே தொடாதீர்கள்.

அரை அடி ஆழத் தொட்டி, அடியில் ஓட்டை. இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய சாணம். பச்சைச் சாணம் கூடாது. பச்சையாகத் தின்னும் தழைக்கு அது ஆகாது. அரை அங்குல ஆழத்தில் விதைத்து, துவைத்த வெள்ளைப் பனியன் துணியை நனைத்து மேலே மூடுங்கள். 8 முதல் 15 நாளில் முளைக்கும். முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிடுங்கள். நாற்றைப் பிடுங்கி நடாதீர்கள், ஆணிவேர் தாங்காது.

நம் ஊர் வெயிலில் பங்குனி, சித்திரையில் போட்டால் தழைக்கும் முன்பே பூத்துவிடும். ஐப்பசி முதல் தை வரை நல்ல காலம். மற்ற நாளில் முருங்கை மரத்து நிழலில் வையுங்கள். ஆடிக் காற்றில் தொட்டி சீக்கிரம் காயும்; தண்ணீரைக் கவனியுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரே ஊற்றுங்கள்.

35, 40 நாளில் வெளித்தழையை மட்டும் கிள்ளுங்கள். 15 நாளுக்கு ஒரு தொட்டி விதைத்தால் வீட்டில் தட்டுப்பாடே வராது. வீட்டுத் தழையையும் ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

மருந்தா, உணவா?

சித்த வைத்தியத்தில் கொத்துமல்லி பித்தம் தணிக்கும், பசி தூண்டும். அதற்காக, மல்லித் தண்ணீர் குடித்தால் தைராய்டு போய்விடும், சிறுநீரகம் சுத்தமாகும் என்று போனில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தழையின் அளவைத் திடீரெனக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். இதில் வைட்டமின் கே அதிகம்.

அந்த அம்மணி போன மாதம் ஒரு பிடித் தழையோடு வந்தார். "கொசுறு இல்லைங்க, என் வீட்டு மல்லி" என்றார். வாசம் அறை முழுக்க நின்றது. இன்றைக்கே ஒரு பிடி மல்லியை ஊற வையுங்களேன்!