மருந்து இருக்கும் இடம்

காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, நெல்லுக்கு அடிப்பதும் மருந்து. பூச்சிக்கொல்லியை நம் கிராமங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். அடித்தது போக மிஞ்சிய பாட்டில், அடுத்த போகத்துக்கு ஆகுமென்று வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். விவசாயி தற்கொலை என்றதும் நாம் கடனையும் மழையையும் விலையையும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் மிஞ்சிய அந்தப் பாட்டிலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அதற்கு அவர்கள் காட்டும் நாடு இலங்கை. 1995-ல் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கொடிய நச்சு என்று உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பில் வைத்திருந்த பூச்சிக்கொல்லிகளில் எஞ்சியவற்றுக்கு அந்த ஆண்டில் அரசு கடிவாளம் போட்டது. 1998-ல் இன்னொன்றும் தடையானது. 2005-க்குள் விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. போர், வேலையின்மை, குடி என்று வேறு காரணங்களையும் ஆய்வாளர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். எதுவும் இந்தச் சரிவோடு பொருந்தவில்லை. தடையால் விளைச்சல் விழுந்ததற்கும் அடையாளம் இல்லை. இதில் வியப்பானது ஒன்று உண்டு: விஷம் குடித்து மருத்துவமனைக்கு வந்தோர் எண்ணிக்கை குறையவில்லை. வந்தவர்களில் முன்னைவிட அதிகம் பேர் பிழைத்துக்கொண்டார்கள்.

சாக நினைத்தவர் வேறு வழி தேடமாட்டாரா என்று கேட்கத் தோன்றும். இலங்கை மருத்துவமனைகளில் உயிர் தப்பியவர்களிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் முடிவெடுத்த அரை மணி நேரத்துக்குள்ளேயே குடித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு சண்டை, ஒரு சொல், 'வெறுத்துப் போச்சு' என்ற ஒரு கணம். கை எட்டும் தூரத்தில் இருந்தது எதுவோ அதுவே அவர்களுடைய தலையெழுத்தாகிவிட்டது.

அந்தக் கணத்துக்கு முந்தைய மாதங்களும் இருக்கின்றன. தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், வயலுக்குப் போகப் பிடிக்காது. இதற்கெல்லாம் யாரிடம் போவது? மகாராஷ்டிரத்தின் விதர்பாவில், அமராவதி மாவட்டத்து 30 கிராமங்களில், உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் பேச அனுப்பினார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் உதவி தேடியவர்கள் 100-க்கு 4 பேராக இருந்தது, ஒன்றரை ஆண்டில் 27 ஆயிற்று. பேசுவதற்குத் தெரிந்த முகம் ஒன்று ஊரிலேயே கிடைத்தது. தமிழிலும் பேசக்கூடிய, 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. மனது கனக்கும்போது நீங்களும் கூப்பிடலாம்.

  

சரி, அந்த அரை மணி நேரத்தை எப்படித் தாண்டவைப்பது? மருந்தைப் பூட்டி வைக்கலாமே என்று தோன்றும். இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில், 53,000-க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து அதைச் சோதித்தார்கள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி. 2017-ல் முடிவு வெளிவந்தது: பெட்டி வாங்கிய ஊருக்கும் வாங்காத ஊருக்கும் வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் வேறு மாதிரி முயன்று பார்த்தார்கள். 1986-ல் சென்னையில் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு அமைத்தார்கள். வங்கி லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி, கவனித்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர். ஒப்பிடுவதற்கு வேறு இரண்டு கிராமங்கள். கிடங்கு வந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்தன. நாலே கிராமம், சின்ன ஆய்வு. இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அந்தப் பூட்டைவிடப் பொறுப்பாளர்தான் முக்கியமாகப் படுகிறார். விளக்கு வைத்த நேரத்தில் ஒருவர் வந்து சாவி கேட்டால், ஊர்க்காரர் எவரும் கேட்பதைத்தானே அவரும் கேட்பார்: "இந்நேரத்துல எதுக்குப்பா மருந்து?"