கம்பியில்லாக் கருவியும் லினக்ஸும்

நம் கலாசாலைக்கு வண்ணாரப்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் முதலிய இடங்களினின்றும் வரும் மாணவர் பலர் வீட்டில், தமிழ்நாட்டரசார் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி அளித்த மடிக்கணினி ஒன்று, தமையனிடமிருந்து தம்பிக்கும் தமக்கையிடமிருந்து தங்கைக்குமாகக் கைமாறி இன்னும் உழைத்துக்கொண்டிருக்கக் காண்கிறோம். அக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயக்குதளமும் சேர்த்தே வைக்கப்பட்டிருந்தது. இது ஸி-டாக் நிறுவனத்தார் சென்னையில் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு அமைத்து, 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதாதலின், விலை கொடாமலே எவரும் எடுத்தாளலாம்.

காலஞ் சென்ற கணினிகள் சிலவற்றில் உட்புறத்து வைஃபை அட்டை ஓய்ந்துபோகிறது. மாணவர் சில நூறு ரூபாய் கொடுத்து, கட்டைவிரல் நகமளவேயான யு.எஸ்.பி. வைஃபை கருவி ஒன்றை வாங்கிவந்து செருகுகிறார். விண்டோஸில் அது வேலை செய்கிறது, லினக்ஸிலோ அசைவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்திற்கு மறுநாள் கெடு. கருவி பழுதென்று கடைக்காரரோடு வழக்கிடுவாரும், லினக்ஸே உதவாதென்று அதனை அழித்துவிடுவாரும் உளர். இவ்விரண்டும் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

யு.எஸ்.பி. கருவி எதுவாயினும், செருகியவுடனே தன் அடையாள எண்ணைக் கணினிக்குக் கூறும். அவ்வெண் இரண்டு பகுதியாக இருக்கும். முன்னது செய்தவரையும் பின்னது செய்பொருளையும் குறிக்கும். லினக்ஸின் உயிர்நிலையாகிய கர்னலில் டிரைவர்கள் பல உள. ஒவ்வொரு டிரைவரும் தான் அறிந்த எண்களின் ஜாபிதா ஒன்றை வைத்துக்கொண்டிருக்கும். வந்த எண் ஜாபிதாவில் இருப்பின் அந்த டிரைவர் கருவியை ஏற்றுக்கொள்ளும். இல்லாவிடின் கருவி வாயிலில் நிற்கும் விருந்தினரைப் போலக் காத்திருக்கவேண்டியதே.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது எண்ணை அறிதல். டெர்மினலில் ‘எல்.எஸ்.யு.எஸ்.பி.’ என்னும் ஆணையை இட்டால் அது தெரியவரும். 148எஃப் என்று தொடங்கினால் ராலிங்க், 0பி.டி.ஏ. என்றால் ரியல்டெக், 0சி.எஃப்.3 என்றால் அத்திராஸ். பெட்டியின் மேலுள்ள பெயரை மாத்திரம் நம்புவது தகாது. டி.பி.-லிங்க் டி.எல்.-டபிள்யூ.என்.722என் என்னும் ஒரே பெயரில், முதற் பதிப்பு அத்திராஸ் ஏ.ஆர்.9271 சிப்பைக் கொண்டிருந்தது. இரண்டாம் பதிப்பிலோ ரியல்டெக் சிப் வந்து அமர்ந்தது. பெயர் ஒன்று, பொருள் வேறு, டிரைவரும் வேறு.

சில கருவிகள் இன்னும் விந்தையானவை. செருகியவுடன் தம்மை வைஃபை கருவியென்று சொல்லாமல், விண்டோஸுக்குரிய டிரைவரைத் தாங்கிய குறுந்தகடென்று சொல்லிக்கொள்ளும். ரியல்டெக் கருவியின் எண் 0பி.டி.ஏ.:1ஏ2பி என்று காணின் நிலைமை இதுவே. அத்தகட்டை வெளியேற்றுமாறு ஆணையிட்டாலும், ‘யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்’ என்னும் நிரலை ஏவினாலும் வேடம் கலைந்து உண்மை எண் வெளிப்படும்.

நிற்க. எண் சரியாயிருந்தும், டிரைவர் ஏற்றும், கருவி பேசாதிருத்தல் உண்டு. சிப்பினுள்ளே ஓடவேண்டிய ஃபர்ம்வேர் இல்லாமையே இதற்குப் பெரும்பான்மைக் காரணம். பல கருவிகள் இதனைத் தம்முள் வைத்திருப்பதில்லை; செருகுந்தோறும் கணினியே அளித்தல் வேண்டும். 1924இல் இந்நகரில் ஒலிபரப்புத் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ சங்கத்தார் காலத்தில், வாங்கிப் பெட்டியைத் திறந்தால் சுருளும் வால்வும் கண்ணுக்குத் தெரியும். இக்காலத்துச் சிப்பின் உள்வேலையைச் செய்தவர் மறைத்து வைக்கின்றனர். ஏ.ஆர்.9271 சிப்பின் ஃபர்ம்வேர் 2013இல் மூலநிரலோடு வெளியிடப்பட்டது அருமையான விதிவிலக்கு. ஏனையவற்றின் மூலநிரல் மூடிக்கிடந்தமையால், டெபியனார் அவற்றைத் தம் முதன்மைத் தொகுப்பிற் சேர்க்காது ஒதுக்கியிருந்தனர். 2022இல் அவர்கள் வாக்கெடுத்துத் தீர்மானித்ததன் பயனாக, 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவு தகட்டிலேயே அவை இடம் பெற்றன. கொள்கையிற் சிறிது தளர்ந்ததென்று வருந்துவார் உண்டு. நமக்கு அது ஏழை மாணவர்க்கு இரங்கிய செயலாகவே தோன்றுகிறது. ‘டிமெஸெக்’ என்னும் ஆணை காட்டும் வரிகளில் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்னும் முறையீடு காணின், ரியல்டெக் கருவிக்கு ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ என்னும் தொகுப்பை நிறுவுதல் போதும்.

மற்றொரு காரணம் கர்னலின் வயது. பழைய கர்னல் தன் காலத்திற்குப் பின் பிறந்த சிப்பை அறியாது. ரியல்டெக் 8822பி.யு., 8821சி.யு. முதலிய சிப்புகளுக்குரிய டிரைவர் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 6.2ஆம் கர்னலிற்றான் சேர்ந்தது. அதற்கு முந்தியதை வைத்திருப்போர், இயக்குதளத்தையே புதுப்பித்தல் நன்று. டிரைவரின் மூலநிரலைப் பெற்றுத் தாமே தொகுத்து நிறுவுவதும் ஆகும். ஆனால் கர்னல் மாறுந்தோறும் அதனை மீண்டும் தொகுக்கவேண்டும். டி.கே.எம்.எஸ். என்னும் நிரல் அவ்வேலையைத் தானே ஏற்கும்.

இவையெல்லாவற்றிற்கும் இணையம் வேண்டுமே, இணையத்திற்குத்தானே இப்பாடு என்று வினவலாம். நியாயமான வினாவே. கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியை அதன் சார்ஜர் கேபிளால் கணினியோடு இணைத்து, அமைப்பினுள் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குக. லினக்ஸ் அதனைக் கம்பிவழி வலைப்பின்னலாகவே கருதும். தனி டிரைவரை நாம் தேடவேண்டுவதில்லை. கேபிள் மின்னேற்ற மாத்திரம் உதவுவதாயின் இது நடவாது. வேறு கேபிள் கொள்க. கெடு நெருங்கிய விண்ணப்பத்தை இவ்வழியிலேயே அனுப்பிவிட்டுப் பின்னர் நிதானமாக வைஃபை கருவியைக் கவனிக்கலாம்.

இனிப் புதிதாக வாங்குவோர்க்கு ஒன்று. எம்.ஸி. ரோட்டில் துணி எடுப்பவர் நூலின் தரத்தைக் கேட்டு எடுப்பதுபோல, கருவியின் சிப் எதுவென்று கேட்டு வாங்குக. கடைக்காரர் அறியாராயின், மடிக்கணினியை உடன் கொண்டுசென்று, அவர் முன்னிலையிலேயே செருகி எண்ணைப் பார்த்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.