தூரிகை தொடாத சிறகு

மைசூரு மண்டி மொஹல்லாவில் ரோஸ்வுட் இன்லே பட்டறைகள் இருக்கின்றன. அடிப்பலகை, நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம். மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி. படத்தைத் தாளில் வரைந்து, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மரத்தை மெல்லிய ரம்பத்தால் அறுக்கிறார்கள். பலகையில் அதே வடிவத்தில் குழி வெட்டி, பசையிட்டுப் பதித்து, தேய்த்துப் பாலிஷ் போடுகிறார்கள்.

இப்படித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ஒட்டுப்படத்தை, அதாவது கொலாஜை, பிரான்சில் பிறந்ததென்பார்கள். 1912-இல் ஜார்ஜ் பிராக் ஓவியத்தாளில் சுவர்க்காகிதத் துண்டுகளை ஒட்டினார். மரத்தின் ரேகைபோல அச்சடித்த காகிதம் அது. தீக்கிரையான மைசூரு அரண்மனை மறுபடி கட்டிமுடிக்கப்பட்டதும் அதே 1912-இல்தான். அதில் தந்தம் பதித்த ரோஸ்வுட் கதவுகளை இன்றும் பார்க்கலாம். அங்கே போலி மரம், இங்கே அசல் மரம்!

இன்லே படங்களின் நிறங்களை யாரும் பூசியதில்லை. மரம் பருக்கப் பருக்க, உள்வட்டத்துத் திசுக்கள் நீர் கடத்துவதை நிறுத்திவிடுகின்றன. அவற்றின் உயிரணுக்கள் சாகுமுன், பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஆகாத சில சேர்மங்களை உருவாக்கி அங்கே தேக்கி வைக்கின்றன. வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அதுதான். பலாவின் மஞ்சளுக்கு மோரின் என்ற சேர்மம் ஒரு காரணம். பலாக்கட்டையைக் கொதிக்கவைத்துத்தான் பௌத்த பிக்குகள் சீவரத்துக்குச் சாயமேற்றி வந்தார்கள். மரம் பூச்சிக்கு வைத்த விஷம், படத்தில் பட்டுச்சேலையாகிவிடுகிறது.

பிறர் ஓவியத்தை மரத்தில் படியெடுப்பது வெறும் நகல்தானே என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரவிவர்மா வரைந்த ஜடாயு வதத்தையே எடுத்துக்கொள்வோம். பறக்கும் தேரில் வரும் அரக்கனைக் கிழட்டுக் கழுகு மறிக்கும் கதை. எந்தச் சர்ரியலிசக்காரரும் பொறாமைப்படுவார். ரவிவர்மாவுக்குச் சிறகு என்பது வண்ணக் குழைவு. அதை மரத்தில் செய்பவர் ஒவ்வொரு இறகுக்கும் ரேகை எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். மர இழைகள் நுண்குழாய்கள். வெளிச்சம் அவற்றின் திசையைப் பொறுத்துத் திரும்புகிறது. ஒரே பலகையில் வெட்டிய இரு துண்டுகளில் ஒன்றைச் சற்றே திருப்பி வைத்தால், ஒன்று மங்கும், மற்றது மின்னும். நாம் நடந்தால் சிறகும் அசைவதுபோல் இருக்கும். மூல ஓவியத்தில் இது கிடையாது.

சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் மர ரேகையின் வித்தையைத் தரையில் கண்டார். 1925-இல் கடலோர விடுதியொன்றில் தேய்ந்த மரத்தளத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ரேகைகளிலிருந்து காடுகளும் விலங்குகளும் எழுந்தன. கறைபடிந்த சுவரில் நிலக்காட்சிகளைத் தேடச் சொன்ன லியொனார்டோவின் யோசனைதான் அவருக்குத் தூண்டுதல். பின்னர் பழைய அச்சுப்படங்களை வெட்டி ஒட்டியே நாவல் செய்தார். 1934-இல் வந்த ஒன்றில் மட்டும் 182 ஒட்டுப்படங்கள்.

மைசூரு இன்லே 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. தந்தத்தைச் சட்டம் தடுத்துவிட்டதால் வெள்ளைக்கு இப்போது வேறு பொருள்கள். ஒன்று வாங்கினால், ஜன்னல் வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். மரத்தின் லிக்னின் புறஊதாக் கதிரில் சிதையும். சிவப்பு பழுப்பாகும், மஞ்சள் கறுக்கும்.