பிரிட்டனில் பாலினச் சட்டம்: எம்.பி.க்கு எழுதும் முன்

'பெண்களின் இடங்களைக் காப்பாற்றுங்கள்' என்று ஒரு கடிதம். 'திருநர் உரிமையில் கைவைக்காதீர்கள்' என்று இன்னொன்று. பிரிட்டனில் இரண்டு வகையும் எம்.பி. அலுவலகங்களுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. உங்கள் கருத்துக்கு நன்றி, அரசு இதைக் கவனித்து வருகிறது என்கிற ரீதியில்தான் இரண்டுக்கும் பதில் வரும். என்ன வேண்டும் என்பதே கடிதத்தில் இல்லாதபோது வேறென்ன சொல்ல முடியும்? எந்தச் சட்டம், அதில் எந்த இடம், மாற்றும் அதிகாரம் யாரிடம் என்பது தெரிந்தால் கடிதம் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். ஆகவே சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் எந்தப் பக்கம் என்பது இங்கே தேவைப்படாது.

இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. பலரும் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, 2004-ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டம். இதற்குக் காரணம் கிறிஸ்டீன் குட்வின் என்ற திருநங்கை தொடுத்த வழக்கு. பிரிட்டனில் அப்போது பெண்களுக்கு 60 வயதில் அரசு ஓய்வூதியம், ஆண்களுக்கு 65-இல். பெண்ணாகவே வாழ்ந்துவந்த குட்வினுக்கு 60-இல் அது கிடைக்கவில்லை. அதன் பிறகும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவை அவர் கட்டவேண்டியிருந்தது. விஷயம் முதலாளிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தானே நேரடியாகக் கட்டினார். பிறப்புச் சான்றிதழை மாற்றவும் வழியில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002 ஜூலையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. இரண்டே ஆண்டில் சட்டம் வந்தது.

அந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர், பாலின மனவுளைச்சல் இருப்பதாக மருத்துவ அறிக்கைகளோடு, தாம் ஏற்ற பாலினத்தில் இரண்டு ஆண்டு வாழ்ந்ததற்கான ஆதாரமும் காட்டி, இறுதிவரை அப்படியே வாழ்வேன் என்று உறுதியளித்தால் ஒரு குழு அங்கீகாரச் சான்றிதழ் தரும். அறுவை சிகிச்சை கட்டாயம் இல்லை. 140 பவுண்டாக இருந்த கட்டணத்தை 2021-இல் 5 பவுண்டாகக் குறைத்தார்கள். மருத்துவ அறிக்கையே வேண்டாம், சுய அறிவிப்பு போதும் என்று மாற்றலாமா என 2018-இல் அரசு மக்களிடம் கேட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. 2020-இல் அந்த யோசனையை அரசு கைவிட்டது.

இரண்டாவது, 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். கழிப்பறை, உடை மாற்றும் அறை, மருத்துவமனை வார்டு, வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான காப்பகம் என்று நாம் வாதாடும் இடங்கள் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. பால் காரணமாக யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்பது பொது விதி. பெண்களுக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும் என்று சேவை நடத்துவதற்கான விதிவிலக்குகள் 3-ஆம் அட்டவணையில் உள்ளன. நியாயமான ஒரு நோக்கம் இருக்கவேண்டும், அதற்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த அட்டவணை இப்படிப்பட்ட சேவைகளை அனுமதிக்கிறது, நடத்தியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. வேலையிடம் வேறு. 1992-ஆம் ஆண்டின் பணியிட விதிகள்படி ஆண், பெண் கழிப்பறைகள் தனித்தனியாக இருக்கவேண்டும். உள்ளிருந்து தாழிடக்கூடிய, ஒருவர் மட்டும் பயன்படுத்தும் அறைகளாக இருந்தால் மட்டும் அது தேவையில்லை. நீச்சல் குளத்தைப் பற்றிய கடிதத்துக்கும் அலுவலகக் கழிப்பறையைப் பற்றிய கடிதத்துக்கும் வேறு வேறு சட்ட அடிப்படை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, சான்றிதழ் பெற்ற திருநங்கை சமத்துவச் சட்டத்தின் கண்ணில் பெண்ணா? இந்தக் கேள்விதான் பல ஆண்டு இழுபட்டது. ஸ்காட்லாந்தில் அரசு அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று 2018-இல் ஒரு சட்டம் வந்தது. அதில் யாரைப் பெண் என்று எண்ணுவது என்ற தகராறில் 'ஃபார் விமன் ஸ்காட்லாந்து' என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது இதுதான்: சமத்துவச் சட்டத்தில் ஆண், பெண், பால் என்ற சொற்கள் பிறப்பால் அமைந்த பாலையே குறிக்கும், சான்றிதழ் அதை மாற்றாது. திருநர் என்பதற்காகப் பாகுபடுத்துவதும் துன்புறுத்துவதும் அதே சட்டப்படி சட்டவிரோதமாகவே தொடர்கிறது என்பதையும் தீர்ப்பு வலியுறுத்தியது. ஒரு தரப்பின் வெற்றியாக இதைப் பார்க்காதீர்கள் என்று தீர்ப்பை வாசித்த ஹாட்ஜ் பிரபு கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் குறைவு.

தீர்ப்போடு கதை முடியவில்லை. ஜிம், கடை, மருத்துவமனை நடத்துகிறவர் நடைமுறையில் என்ன செய்யவேண்டும் என்பதற்குச் சமத்துவ, மனித உரிமை ஆணையம் ஒரு நடைமுறைத் தொகுப்பு எழுதவேண்டியிருந்தது. 2025 மே, ஜூன் மாதங்களில் ஆணையம் அதற்காகக் கருத்துக் கேட்டபோது 50,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. இப்படி ஒரு தொகுப்பு அமைச்சரின் ஒப்புதலைப் பெற்று நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். 40 நாளுக்குள் இரு அவைகளில் ஏதாவது ஒன்று மறுத்துத் தீர்மானம் போட்டால் விழுந்துவிடும்; போடாவிட்டால் நடைமுறைக்கு வரலாம். எம்.பி.யின் கையில் உண்மையான பிடி இருப்பது இதுமாதிரி இடங்களில்தான். எழுதும் நாளில் விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஆணையத்தின் தளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். முடிந்துபோன கருத்துக்கேட்பில் கலந்துகொள்ளச் சொல்லி எழுதும் கடிதம் யாருக்கும் உதவாது.

அடுத்தது யாருக்கு எழுதுவது. இங்கிலாந்தில் இருப்பவருக்குச் சிக்கல் இல்லை, இரண்டு சட்டத்துக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் எம்.பி.தான். வேல்ஸ்காரருக்கும் சட்டத்துக்கு அவரே. பள்ளி, மருத்துவமனை என்றால் வேல்ஸ் நாடாளுமன்றமான செனெட்டின் உறுப்பினர். ஸ்காட்லாந்தில் பாலின அங்கீகாரம் எடின்பரோவின் அதிகாரத்தில் இருக்கிறது, சமத்துவச் சட்டமோ பெரும்பாலும் லண்டனின் அதிகாரத்தில். இந்தப் பிளவுதான் பெரிய மோதலில் கொண்டுபோய் விட்டது. 2022 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 86-க்கு 39 என்ற வாக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மருத்துவ அறிக்கை வேண்டாம், 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம் என்றது அது. அடுத்த மாதமே லண்டன் அரசு 1998-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டத்தின் 35-ஆம் பிரிவைக் கையில் எடுத்து மன்னரின் ஒப்புதலுக்கு அது போகாமல் தடுத்துவிட்டது. அந்தப் பிரிவை அதற்கு முன் யாரும் தொட்டதே இல்லை. நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. ஆக, கிளாஸ்கோவில் இருக்கிறவர் சான்றிதழ் விதிகளைப் பற்றி ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினருக்கும், பெண்களுக்கான இடங்களின் சட்டத்தைப் பற்றி வெஸ்ட்மின்ஸ்டர் எம்.பி.க்கும் எழுதவேண்டும். அவருக்கு ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் எட்டுப் பேர்: தொகுதிக்கு ஒருவர், வட்டாரத்துக்கு ஏழு பேர். வட அயர்லாந்தில் 2010 சமத்துவச் சட்டம் பெரும்பாலும் செல்லாது. அங்கே பழைய சட்டங்களே நடப்பில் உள்ளன.

உங்கள் கவலை தெருமுனை நீச்சல் குளம் என்றால் எம்.பி.க்கு முன்னால் கவுன்சிலரிடம் போங்கள். குளம் பெரும்பாலும் கவுன்சிலுடையதாகத்தான் இருக்கும்.

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் இலங்கை, இந்தியக் குடிமக்கள் பலர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்தபிறகுதான் இதெல்லாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அங்கே சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வாக்காளராகப் பதிவு செய்து நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். எம்.பி.க்கு எழுத அதுகூட வேண்டாம், தொகுதியில் வசித்தால் போதும்.

வசிக்கிறோம் என்பதைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். முழு முகவரி, போஸ்ட்கோடு இரண்டும் இல்லாத மின்னஞ்சலைப் பெரும்பாலான அலுவலகங்கள் ஒதுக்கிவிடும். ஒருவர் தொகுதிக்காரருக்கு இன்னொருவர் பதில் சொல்வதில்லை என்பது எம்.பி.க்கள் கட்டிக்காக்கும் மரபு. போஸ்ட்கோடு போட்டால் உங்கள் எம்.பி. யார் என்று நாடாளுமன்றத் தளமே சொல்லும். 'ரைட் டு தெம்' தளத்திலிருந்து நேரடியாக எழுதலாம். அந்தத் தளம் ஒரே வாசகத்தைப் பலர் ஒட்டி அனுப்பினால் மறித்துவிடும். சரியான முடிவு என்றே சொல்வேன். இயக்கங்கள் எழுதிக் கொடுக்கும் வாசகத்தை எம்.பி.யின் உதவியாளர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார், தயாராக வைத்திருக்கும் பதிலை ஒட்டிவிடுவார். உங்கள் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதினால் அதை ஒரு மனிதர் உட்கார்ந்து வாசித்தாகவேண்டும். ஆங்கிலம் கொச்சையாக இருந்தாலும் பரவாயில்லை.

அந்த நாலு வரி எப்படி இருக்கலாம்? ஒரு தாய் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "எங்கள் பகுதி நீச்சல் குளத்தில் செவ்வாய்க்கிழமை காலை பெண்களுக்கு மட்டும் என்று பலகை இருக்கிறது. நானும் என் மகளும் அதை நம்பித்தான் போகிறோம். 2025 தீர்ப்புக்குப் பிறகு அந்த நேரத்துக்கு என்ன விதி என்று கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லவில்லை. 3-ஆம் அட்டவணைப்படி கவுன்சில்கள் என்ன செய்யவேண்டும் என்று அமைச்சரிடம் கேட்டு எனக்குத் தெரிவிப்பீர்களா?"

இனி ஒரு திருநங்கை. "பல ஆண்டாக ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பெண்கள் கழிப்பறைக்கு இனிப் போகக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆண்கள் கழிப்பறைக்குப் போக எனக்குப் பயம். தாழிடக்கூடிய தனி அறை அடுத்த கட்டடத்தில்தான் இருக்கிறது. 1992 விதிகள்படி எனக்கு என்ன ஏற்பாடு செய்யவேண்டும் என்று அமைச்சரிடம் கேட்பீர்களா?"

இரண்டு கடிதத்துக்கும் 'கவனித்து வருகிறோம்' என்று பதில் எழுதித் தப்பிப்பது கஷ்டம். இடம் இருக்கிறது, நடந்தது இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கேள்வி ஒன்றே ஒன்றுதான். எம்.பி. அமைச்சருக்கு எழுதினால் துறை பதில் தந்தாகவேண்டும், அந்தப் பதிலை உங்களுக்கு அனுப்புவார். அடுத்தவர் பெயரையோ படத்தையோ கடிதத்தில் இழுக்காதீர்கள். குளத்தில் பார்த்த யாரோ ஒருவர் திருநங்கையாக இருக்கலாம் என்ற உங்கள் ஊகம் கடிதத்துக்கு வலுச் சேர்க்காது, அவருக்குத் தீங்கு மட்டுமே செய்யும்.

நேரில் பார்க்க விரும்பினால் எம்.பி.க்கள் தொகுதியில் மக்களைச் சந்திக்கும் நேரம் உண்டு, அதை 'சர்ஜரி' என்பார்கள். பெரும்பாலும் வெள்ளி அல்லது சனி. 2016-இல் ஜோ காக்ஸ் எம்.பி. தம் தொகுதியில் மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார். 2021-இல் டேவிட் ஏமஸ் சந்திப்பு நடந்த இடத்திலேயே கொல்லப்பட்டார். அதன் பிறகு பல இடங்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. அடையாள அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள். கிடைப்பது சில நிமிடம்தான், அதிலும் ஒரே கேள்வி.

இணைய மனுக்கள் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 10,000 கையெழுத்துக்கு அரசு எழுத்தில் பதில் தரும், ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிப்பார்கள். 2023 ஜூன் 12 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் விவாத அறையில் இரண்டு மனுக்களைச் சேர்த்தே விவாதித்தார்கள். சமத்துவச் சட்டத்தில் 'பால்' என்றால் பிறப்பால் அமைந்தது என்று எழுதிவையுங்கள் என்றது ஒன்று, எழுதாதீர்கள் என்றது மற்றது. இரண்டுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து. மணிக்கணக்கில் பேசினார்கள், வாக்கெடுப்பு இல்லை, சட்டம் அப்படியே இருந்தது. நாடாளுமன்றப் பதிவில் இரு தரப்புப் பேச்சும் ஏறியது ஒன்றுதான் கிடைத்த பலன்.

எம்.பி. உங்கள் கருத்துக்கு நேர் எதிரானவர் என்று தெரிந்தாலும் எழுதுங்கள். அவருடைய வாக்குகளையும் பேச்சுகளையும் 'தே வொர்க் ஃபார் யூ' தளத்தில் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. தாமே எதிர்க்கும் விஷயமானாலும் தொகுதிக்காரரின் கேள்வியை அமைச்சருக்கு அனுப்பிவைப்பது அங்கே வழக்கம். பதில் மழுப்பலாக வந்தால் நன்றி சொல்லி, விடுபட்ட கேள்வியை மட்டும் மறுபடி கேளுங்கள். நாடாளுமன்றம் கலைந்துவிட்டால் எம்.பி. என்று யாரும் இல்லை. பாதியில் நிற்கும் உங்கள் கடிதம் தானாகவே புதியவர் மேசைக்குப் போய்ச் சேராது. தேர்தல் முடிந்ததும் பழைய கடிதப் போக்குவரத்தின் நகலை இணைத்துப் புதிதாக எழுதவேண்டும்.