சொந்த இணையதளத்துக்கு நிரலறிவு ஏன் தேவையில்லை?

தொட்டியத்து வாழை விவசாயி ஒருவர், காற்றில் மரம் சாயாதபடி முட்டுக்கொடுக்கும் முறையைத் தம் சொந்த இணையதளத்தில் எழுத விரும்பினால், அவர் நிரல் கற்க வேண்டியதில்லை. 2003 மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. அவர் வாடகைக்குப் பெற வேண்டியவை இரண்டு: டொமைன் எனப்படும் இணையப் பெயர், எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருக்கும் கணினியான சர்வரில் சிறிது இடம். வாசகர் பெயரைத் தட்டச்சிட்டதும், 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த பெயர் முறைமை அதற்குரிய எண் முகவரியைத் தேடித்தர, உலாவி அந்தச் சர்வரை அடைகிறது. அங்கே தரவுத்தளத்தில் உள்ள எழுத்தையும் கோப்பாக உள்ள படத்தையும் வேர்ட்பிரஸ் அந்த நொடியில் கோத்துப் பக்கமாக அனுப்புகிறது.

பெயரைத் தமிழிலேயே, '.இந்தியா' என்ற முடிவுடன் பெறலாம் என்பது பெருமகிழ்ச்சிக்குரியது; பியூனிகோடு என்னும் குறியீட்டு முறை தமிழ் எழுத்துகளை ரோமன் எழுத்து, எண் வரிசையாக மாற்றுவதால், பழைய முறைமைக்கும் அப்பெயர் விளங்குகிறது.

நிறுவுதல் எளிது: இடம் தரும் நிறுவனங்கள் பலவற்றின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. பராமரிப்பே பெரும்பணி. மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் அதன் அறியப்பட்ட ஓட்டைகள் வழியே அந்நியர் நுழையக்கூடும் என்பதால் அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்; சர்வர் பழுதானால் எழுதியவை அழியக்கூடும் என்பதால், தரவுத்தளம், கோப்புகள் ஆகிய இரண்டின் நகலையும் வேறிடத்தில் சேமிக்க வேண்டும். அமைத்துக் கொடுப்பவர் எவராயினும், டொமைன் எழுதுபவரின் பெயரிலேயே பதிவாக வேண்டும்.