சாவிக்கொத்து இடம் மாறுகையில்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இத்தீவுகளுக்கு வந்த நம் பெரியோர் தம் பெட்டிச் சாவியைக் கண்போல் காத்தனர். இன்று நம் இல்லங்களின் சாவிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. வங்கிக் கணக்கும், ஊருக்குப் பணம் அனுப்புதலும், கப்பல் பயணச்சீட்டும் கடவுச்சொற்களுக்குள் அடங்கிவிட்டன. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடி இழைவடம் தொடங்கிவைக்கப்பெற்றது. அதன்பின் இணையத்தின் வேகம் கூடியது. நாம் காக்கவேண்டிய கடவுச்சொற்களும் பெருகின.

அத்தனையையும் நினைவில் நிறுத்தல் அரிது. ஆதலின் அவற்றைக் கைப்பேசியில் கடவுச்சொல் பெட்டகமாகிய ஒரு செயலியிடம் ஒப்படைக்கின்றோம். ஆனால் அப்பெட்டகமும் நிலையானதன்று. மைக்ரோசாப்டின் ஆதென்டிகேட்டர் 2025 ஆகஸ்டில் கடவுச்சொற்களைக் காக்கும் பணியைக் கைவிட்டது. டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் பெட்டகம் அவ்வாண்டு அக்டோபர் 28இல் மூடப்பெற்றது. எனவே, பெட்டகம் மாற்றும் முறையை நாம் அறிந்திருத்தல் நன்று.

பழைய பெட்டகத்தில் 'எக்ஸ்போர்ட்' என்னும் கட்டளையைத் தந்தால், சொற்கள் யாவும் ஒரு கோப்பாக வெளிவரும். புதிய பெட்டகத்தில் 'இம்போர்ட்' என்னும் கட்டளை அக்கோப்பை உள்ளே ஏற்கும். வேலை சில நிமிடங்களே. ஆயினும் இடர் அந்தக் கோப்பில்தான் உள்ளது. பெரும்பாலும் சி.எஸ்.வி. என்னும் வடிவில் வரும் அதற்குப் பூட்டு ஏதுமில்லை. திறப்பவர் எவரும் படிக்கலாம். ஆகவே இணைய மையத்துக் கணினியிலோ பிறர் கருவியிலோ இதனைச் செய்யற்க. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அக்கோப்பை அனுப்பற்க. பணி முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்குக.

புதுமனை புகுந்த அன்றே பழைய வீட்டைக் காலிசெய்வார் இல்லை. வங்கி, மின்னஞ்சல் முதலிய கணக்குகளைப் புதிய பெட்டகத்தின் துணையால் திறந்து பார்த்த பின்னரே பழையதை அழித்தல் வேண்டும். 'பாஸ்கீ' எனப்படும் சாவிகள் இக்கோப்பில் வாரா. அவற்றைத் தனியே புதிதாய் அமைத்துக்கொள்ள நேரலாம். மற்றொன்று: 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து பயனாளர் பெட்டகங்களின் படிகள் களவுபோயின. அத்தகைய நிலையில் இடம் மாற்றுவது மட்டும் போதாது. கடவுச்சொற்களையும் மாற்றுதல் வேண்டும்.

பெட்டகத்தைத் திறக்கும் தலைமைச் சொல்லை மறந்தால், அந்நிறுவனத்தாராலும் பல வேளைகளில் மீட்டுத்தர இயலாது. குடும்பத் தலைவர் கார் நிகோபாரில் பணியிலிருக்க, அவசரத்துக்குப் பணம் எடுக்க வழியின்றி இல்லத்தரசி தவிக்கும் நிலை வரலாகாது. அச்சொல்லைத் தாளில் எழுதி, நிலப்பத்திரமும் நகையும் இருக்குமிடத்தில் வைத்து, வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கேனும் அவ்விடத்தைச் சொல்லி வைப்போமாக. பெட்டகம் எதுவாயினும், சாவி நம் வீட்டிலேயே இருத்தல் வேண்டும்.