கார் ஸ்க்ரீன் ஒரு மைலேஜ் சொல்லுது... பங்க் பில் வேற சொல்லுது... எதை நம்பலாம்?

ஆயிரம் ரூபாய்க்கு பெட்ரோல் போட்டும் முள் அசையலையா? உடனே பங்க் ஊழியரை முறைக்காதீங்க. இக்னிஷனை ஆஃப் பண்ணாமல் போட்டிருந்தாலோ, கார் சரிவில் நின்றிருந்தாலோ இப்படி ஆகும். தவிர, முள் மெதுவாக நகரும்படிதான் செட் பண்ணியிருப்பாங்க. இல்லைன்னா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பெட்ரோல் தளும்ப, முள்ளும் சேர்ந்து குதிக்கும்.

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அது இறங்கும். அதோட கை ஒரு மின்தடைப் பட்டையில் நகரும். அந்த அளவைத்தான் முள்ளாகவோ கட்டங்களாகவோ பார்க்கிறீங்க. டேங்க் கோணல்மாணலான வடிவம் என்பதால், முதல் பாதி மெதுவாகவும் அடுத்த பாதி வேகமாகவும் குறைவது சகஜம். ஆனா, முள் ஒரே இடத்தில் உறைந்து நின்றாலோ, பாதியிலிருந்து சட்டென காலிக்கு விழுந்து மறுபடி எழுந்தாலோ கோளாறுதான். மிதவை சிக்கியிருக்கலாம், பட்டை தேய்ந்திருக்கலாம். கனெக்டரிலோ எர்த் வயரிலோ துரு பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதனால் வயரிங்கை முதலில் செக் பண்ணச் சொல்லுங்க. பல கார்களில் சென்சாரை பம்ப்போடு சேர்த்து முழு செட்டாகத்தான் மாற்றுவாங்க, பில் எகிறும்.

மைலேஜ் எண் கதையே வேற. அது மிதவையைப் பார்ப்பதே இல்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து, செலவான பெட்ரோலை கம்ப்யூட்டர் கணக்குப் போடுது. முள் கெட்டாலும் இந்த எண் சரியாக இருக்கலாம். ‘இன்னும் இத்தனை கி.மீ போகலாம்’ என்பது மட்டும் இரண்டையும் கலந்தது. சமீபத்திய ஓட்டத்தை வைத்துச் சொல்வதால், ஹைவேயில் வந்த கார் தாம்பரம் டிராஃபிக்கில் நுழைந்ததும் அந்த எண் மளமளவென சரியும்.

உண்மை தெரியணுமா? ஆட்டோ கட் ஆகும்வரை ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் மீட்டரையும் ஸ்க்ரீன் மைலேஜையும் ஜீரோ பண்ணுங்க. சுமார் 400 கி.மீ ஓட்டிய பிறகு அதே பங்க், அதே பம்ப், மறுபடி ஆட்டோ கட். 405 கி.மீ-க்கு 27 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 15. ஸ்க்ரீன் 16.5 காட்டினால், 10 சதவிகிதம் பெருமை பேசுது! மூன்று முறை பார்த்தும் இதே வித்தியாசம் என்றால், அது அந்தக் காரோட சுபாவம், மனசுக்குள் கழிச்சுக்கோங்க. இரண்டு எண்களுமே சேர்ந்து விழுந்தால்தான் கார் நிஜமாவே அதிகம் குடிக்குது. டயர் காற்று, பிடித்தபடி இருக்கும் பிரேக், ஏர் ஃபில்டரைப் பாருங்க. எத்தனால் கலப்பு கூடினாலும் குறையும். ஸ்க்ரீன் அப்படியே இருக்க, கணக்கு மட்டும் விழுந்தால் லீக் இருக்கலாம். பெட்ரோல் வாடையும் அடித்தால் காரை எடுக்காதீங்க. மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.

முள் ரிப்பேர் ஆகும்வரை ட்ரிப் மீட்டரை நம்பி, கால் டேங்க்கிலேயே பங்க்குக்குத் திரும்பிடுங்க. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைச் சூடாகாமல் காப்பதே அந்தப் பெட்ரோல்தான்.